முழங்கால் மூட்டு மாற்றிய பிறகு எக்ஸ்ரே சரி, நடை சரியில்லை: நிலையின்மையை எப்படிக் கண்டறிவார்கள்?

படியிறங்கும் மகள்

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 67. ஒன்றரை ஆண்டுக்கு முன் வலது முழங்காலில் முழு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டார். தொடக்கத்தில் எல்லோரும் வியக்கும்படி கால் மிக விரைவாக மடங்கியது. அதே நாட்களில் அறுவை செய்துகொண்ட மற்றவர்கள் மடக்க முடியாமல் தவித்தபோது, அம்மா சிரமமே இல்லாமல் மடக்கிக் காட்டினார். இப்போது நிலைமை வேறு. சமதரையில் ஓரளவு நடக்கிறார். படியில் ஏறுவதைவிட இறங்குவதுதான் பெரும்பாடு. கைப்பிடியை விடுவதே இல்லை. நாற்காலியிலிருந்து எழும்போது இரண்டு கைகளையும் ஊன்றித்தான் எழுகிறார். மாலையில் மூட்டு வீங்கி, ஓய்வெடுத்தால் வடிகிறது. இதுவரை விழுந்ததில்லை என்றாலும், "அந்தக் காலை நம்பி ஊன்ற முடியவில்லை" என்று அடிக்கடி சொல்கிறார்.

அறுவை செய்த மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, பொருத்தியது பொருத்தியபடியே இருக்கிறது, தசை பலவீனம்தான் காரணம் என்கிறார். வேறொரு மருத்துவர் மூட்டு நிலையாக இல்லை, மறுபடியும் அறுவை செய்ய வேண்டியிருக்கும் என்கிறார். இரண்டில் எது சரி என்பதை எந்தப் பரிசோதனையால் தீர்மானிப்பது? அடுத்த சந்திப்பில் நாங்கள் எதைக் கேட்க வேண்டும்?

எலும்பியல் அறை

நான் எலும்பியல் அறுவை மருத்துவன். நேரில் பார்க்காமல் உங்கள் அம்மாவுக்கு இதுதான் நோய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எந்த வரிசையில் யோசிக்க வேண்டும் என்பதை விரிவாகச் சொல்ல முடியும்.

நீங்கள் எழுதியதில் என் கவனத்தை இழுத்தவை நான்கு: மிக எளிதாக மடங்கிய கால், படியிறங்கும்போது வரும் அச்சம், கையூன்றி எழுவது, வந்து வந்து வடியும் வீக்கம். இவை நான்கும் சேர்ந்து வரும்போது, மடக்கிய நிலையில் மட்டும் மூட்டு தளர்ந்திருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். முழங்காலை நீட்டியிருக்கும்போது தொடை எலும்புக்கும் அதன் கீழுள்ள கணைக்கால் எலும்புக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. 90 பாகை மடக்கியிருக்கும்போது வேறோர் இடைவெளி உண்டு. இரண்டையும் ஒரே பிளாஸ்டிக் தகடுதான் நிரப்ப வேண்டும். நீட்டிய இடைவெளிக்குப் பொருந்தும் தகடு மடக்கிய இடைவெளிக்குப் போதாமல் போனால், நிற்கும்போது உறுதியாக இருக்கும் மூட்டு, மடங்கியதும் முன்னும் பின்னும் சறுக்கும். படியிறங்கும்போதும் நாற்காலியிலிருந்து எழும்போதும் முழங்கால் மடங்கிய நிலையில்தான் உடல் பாரத்தைத் தாங்குகிறது. சமதரையில் நடக்கும்போது அந்த அளவுக்கு மடங்குவதில்லை. உங்கள் அம்மாவின் சிரமம் ஏன் அந்த இரண்டு இடங்களில் மட்டும் கூடுகிறது என்பதற்கு இது ஒரு விளக்கமாக இருக்கலாம்.

வழக்கமான எக்ஸ்ரே காலை நீட்டி நிற்க வைத்து எடுக்கப்படுவது. அதில் மடக்கிய நிலைத் தளர்வு தெரியாது. ஆகவே எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று மருத்துவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம்; அந்தப் படம் எடுக்கப்பட்ட நிலையில் மூட்டும் நன்றாகவே இருந்திருக்கும். இந்த வகை நிலையின்மையைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் மருத்துவரின் கைதான், படம் அன்று.

பரிசோதனை இப்படி நடக்கும். நோயாளியைக் கட்டிலின் விளிம்பில் உட்கார வைத்து, பாதம் தரையைத் தொடாமல் காலைத் தொங்கவிடச் சொல்ல வேண்டும். தொடையின் பின்புறத் தசைகள் இறுகியிருந்தால் எந்தத் தளர்வும் தெரியாது. அதனால் பரிசோதிப்பவர் முதலில் அங்கே விரல் வைத்து, தசை தளரும்வரை பேச்சுக் கொடுத்துக் காத்திருப்பார். பிறகு கட்டைவிரல்கள் இரண்டையும், இரு எலும்புகளும் சந்திக்கும் மூட்டுக்கோட்டின் மீது வைத்துக்கொண்டு, கெண்டைக்காலின் மேற்பகுதியைப் பின்னாலிருந்து பிடித்து முன்னோக்கி இழுப்பார். எலும்பு எவ்வளவு நகர்கிறது, ஓர் இடத்தில் உறுதியாக நிற்கிறதா, மெத்தென்று போய்க்கொண்டே இருக்கிறதா என்பவற்றைக் கட்டைவிரல் சொல்லிவிடும். 5 மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் சந்தேகம் வலுக்கும். 10 மில்லிமீட்டரை எட்டினால் அலட்சியப்படுத்தக் கூடாது. இந்தப் பரிசோதனை செய்யப்பட்டதா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. படுக்க வைத்து, காலை நீட்டி, பக்கவாட்டில் அசைத்துப் பார்த்ததோடு நிறுத்தியிருந்தால், பாதிப் பரிசோதனைதான் நடந்திருக்கிறது.

நடைப் பயிற்சியாளர்

நான் இயன்முறை மருத்துவத் துறையில் இருக்கிறேன். எலும்பியல் அறை எழுதியதை ஏற்றுக்கொண்டே, தசை பலவீனம் என்ற கருத்தையும் எளிதில் தள்ளிவிட வேண்டாம் என்று சொல்ல விரும்புகிறேன். முழங்கால் மாற்றிய பிறகு தொடை முன்தசையின் வலிமை திரும்ப ஓர் ஆண்டு வரையும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். அந்தத் தசை பலவீனமாக இருந்தாலும் படியிறங்கும்போது கால் மடிந்துவிடும் போலத்தான் இருக்கும். நோயாளியின் வாய்மொழியை மட்டும் கேட்டு இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது.

நான் கவனிப்பவை சில. காலை நேராக உயர்த்தச் சொல்லும்போது முழங்கால் சற்றே மடிந்து தொய்ந்தால், முன்தசையிலோ, முழங்கால் சில்லைப் பிடித்திருக்கும் நாணிலோ குறை இருக்கலாம். நாண் அறுந்திருப்பதற்கான சாத்தியத்தை மருத்துவர் உடனே பார்க்க வேண்டும். முறையாகப் பயிற்சி செய்து, அளந்து பார்க்கும்போது வலிமை கூடியிருந்தும், நம்பிக்கையின்மையும் வீக்கமும் அப்படியே இருந்தால், தசையைக் குறை சொல்வதில் பொருளில்லை. வெறும் தசை பலவீனத்தால் மூட்டுக்குள் திரும்பத் திரும்ப நீர் கோப்பதும் பொதுவாக நடப்பதன்று. அம்மாவுக்கு வலி எந்த இடத்தில் இருக்கிறது? ஒரு விரலால் தொட்டுக் காட்டச் சொல்லிப் பார்த்தீர்களா?

படியிறங்கும் மகள்

இருவருக்கும் நன்றி. கேட்டுப் பார்த்தேன். ஒரே இடத்தைக் காட்டவில்லை. முழங்காலுக்குச் சற்றுக் கீழே உள்பக்கத்தையும், சில்லின் இருபுறத்தையும் தடவிக் காட்டினார். பயிற்சிகளை விடாமல் செய்து வருகிறார்; காலை நேராக உயர்த்தும்போது தொய்வு இல்லை.

நடைப் பயிற்சியாளர்

உள்பக்கம் நீங்கள் சொல்லும் இடத்தில்தான் பின்தொடைத் தசைகளின் நாண்கள் எலும்பில் வந்து பற்றுகின்றன. மூட்டு முன்னால் சறுக்காமல் பிடித்து நிறுத்த அந்தத் தசைகள் ஓயாமல் வேலை செய்யும்போது அங்கே வலி எடுப்பதுண்டு. இதையும் சந்திப்பின்போது சொல்லுங்கள். நோயாளிகள் பெரும்பாலும் முழங்கால் வலி என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறார்கள்.

சத்தமிடும் மூட்டு

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எனக்கும் மூட்டு மாற்றியிருக்கிறார்கள். வலியில்லை, வீக்கமில்லை, ஆனால் நடக்கும்போது உள்ளே டக் டக் என்று சத்தம் கேட்கிறது. இதுவும் நிலையின்மையா?

எலும்பியல் அறை

உலோகமும் பிளாஸ்டிக்கும் ஒன்றையொன்று தொட்டுப் பிரியும் சத்தம் மிகப் பலருக்கு இருக்கும். வலியும் வீக்கமும் தடுமாற்றமும் இல்லாமல் சத்தம் மட்டும் இருந்தால் கவலைப்படத் தேவையில்லை. செயற்கை மூட்டில் சிறிது தளர்வு இருக்கவே வேண்டும். அதுவும் வெளிப்பக்கம் உள்பக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் திறப்பது இயல்பானதே. தளர்வு என்பது பரிசோதிப்பவர் கையில் உணர்வது. அந்தத் தளர்வால் நோயாளிக்குத் தொல்லை உண்டாகும்போது மட்டுமே அதை நோயாகக் கருதுகிறோம்.

முதுநிலை மாணவன்

ஐயா, நான் எலும்பியல் முதுநிலைப் பயிற்சியில் இருக்கிறேன். மூட்டை எந்தெந்தக் கோணங்களில் பரிசோதிக்க வேண்டும், எக்ஸ்ரேயில் எதைத் தேட வேண்டும் என்பதை விரித்துச் சொல்ல முடியுமா? புற நோயாளிப் பிரிவில் எல்லோரும் நீட்டிய நிலையில் மட்டுமே அசைத்துப் பார்ப்பதைத்தான் நானும் பார்த்திருக்கிறேன்.

எலும்பியல் அறை

முழுதாக நீட்டிய நிலையில் மூட்டின் பின்புற உறை இறுகிக்கொள்ளும். பக்கத் தசைநார் சேதமடைந்திருந்தாலும் அந்த இறுக்கம் அதை மறைத்துவிடும். ஆகவே நீட்டிய நிலையில் ஒரு முறை, 20 முதல் 30 பாகை மடக்கி ஒரு முறை என்று பக்கவாட்டுத் தளர்வைப் பார்க்க வேண்டும். உள்பக்கம் மட்டும் திறந்தால், அறுவையின்போதே உள்பக்கத் தசைநார் காயப்பட்டதா என்ற கேள்வி எழும். வில்லாக வளைந்திருந்த காலை நிமிர்த்தும்போது இறுகிய பக்கத்தைப் போதிய அளவு விடுவிக்காமல் விட்டால், எதிர்ப்பக்கம் தளர்ந்தே இருக்கும். இந்த வகை நோயாளிகள் நடக்கும்போதே கால் பக்கவாட்டில் சாய்வதாகச் சொல்வார்கள். நின்ற நிலை எக்ஸ்ரேயிலும் ஓரளவு தெரியும். பக்கவாட்டு அழுத்தம் கொடுத்து எடுக்கும் படம் இங்கே பெரிதும் உதவும்.

90 பாகையில் பக்கவாட்டுத் தளர்வைப் பார்க்கும்போது எச்சரிக்கை தேவை. அந்த நிலையில் இடுப்பு மூட்டு சுழன்றுகொடுக்கும். முழங்கால் திறப்பதாக நாம் நினைப்பது உண்மையில் தொடை சுழல்வதாக இருக்கும். ஒரு கையால் தொடையை உறுதியாகப் பிடித்துக்கொள்ளாமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். முன்பின் நகர்வைப் பார்ப்பதற்கு முன் எந்த வகை மூட்டு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கெண்டைக்கால் பின்னால் நகராமல் பிடிக்கும் பின் சிலுவைத் தசைநாரைத் தக்கவைக்கும் வகையில், அந்தத் தசைநார் பின்னாளில் நைந்துபோனால் கெண்டைக்கால் பின்னால் தொய்வதைப் பக்கவாட்டிலிருந்தே பார்க்கலாம். தசைநாரை நீக்கிவிட்டு நடுவில் பிளாஸ்டிக் முளை வைத்திருக்கும் வகையில், அந்த முளை பின்னோக்கிய நகர்வைத் தடுத்துவிடும். பின்னால் தள்ளிப் பார்த்து உறுதியாக இருக்கிறது என்று எழுதிவிட்டால் ஏமாந்துபோவோம். அங்கே முன்னால் இழுத்துப் பார்ப்பதுதான் உண்மையைக் காட்டும்.

நடுவில் 30 முதல் 45 பாகைக்குள் மட்டும் தளர்வு இருப்பதைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். மூட்டுக்கோடு மேலே ஏறிவிட்டால் அப்படி ஆகலாம். ஆனால் அதைத் தனி நோயாக உறுதிசெய்வது கடினம் என்பதே என் கருத்து. வேறு பெயர் சொல்ல முடியாத வலிக்கெல்லாம் அந்தப் பெயரைச் சூட்டுவது சிலரிடம் வழக்கமாகிவிட்டது. முழங்கால் பின்னோக்கி வளைவது இன்னொரு வகை; அதைக் கண்டால் இளம்பிள்ளை வாதம் போன்ற நரம்புத்தசை நோய் முன்பு இருந்ததா என்று கேட்காமல் விடாதீர்கள்.

படங்களைப் பொறுத்தவரை, பக்கவாட்டுப் படத்தை ஊன்றிப் பாருங்கள். தொடை எலும்பின் பின் முனை எவ்வளவு பின்னோக்கிப் புடைத்திருக்கிறது என்பதை அறுவைக்கு முந்தைய படத்தோடு ஒப்பிட வேண்டும். அது குறைந்திருந்தால், பின்புற எலும்பு தேவைக்கு மேல் வெட்டப்பட்டது, அல்லது தொடைப் பகுதி ஓர் அளவு சிறியதாகப் பொருத்தப்பட்டது என்று பொருள். மடக்கிய இடைவெளி பெரிதாவதற்கு அதுவே போதும். கணைக்கால் எலும்பின் மேற்பரப்பு பின்னோக்கி அதிகமாகச் சரிந்திருந்தாலும் விளைவு அதுதான். இடுப்பு முதல் கணுக்கால் வரை ஒரே படமாக எடுத்துக் காலின் அச்சைப் பார்க்க வேண்டும். தொடைப் பகுதி உள்நோக்கிச் சுழற்றிப் பொருத்தப்பட்டிருந்தால், மடக்கிய நிலையில் ஒரு பக்கம் இறுக்கமாகவும் மறுபக்கம் தளர்வாகவும் இருக்கும், சில்லும் வழிதவறும். அதைச் சாதாரண எக்ஸ்ரேயில் அளக்க முடியாது, சி.டி. ஸ்கேன் தேவைப்படும். கதிரியக்க மருந்து செலுத்தி எடுக்கும் எலும்பு ஸ்கேனை அவசரப்பட்டு எழுதாதீர்கள். அறுவைக்குப் பின் ஓரிரு ஆண்டுகள் வரை நல்ல மூட்டிலும் அது ஒளிரும்.

திருத்தம் கண்டவர்

என் அனுபவத்தையும் பதிவு செய்கிறேன். எனக்கும் இதே போன்ற தொல்லை இருந்தது. மூட்டு தளர்ந்திருக்கிறது, தடிமனான பிளாஸ்டிக் தகட்டை மாற்றினால் போதும், சிறிய அறுவைதான் என்றார்கள். மாற்றிய பிறகு கால் முழுதாக நீள மறுத்தது, வீக்கம் நிற்கவில்லை. காரணம் என்ன என்று அந்த மருத்துவமனையில் எவரும் விளக்கவில்லை. இதைப் படித்த பிறகுதான் ஓரளவு புரிகிறது.

எலும்பியல் அறை

உங்கள் ஆவணங்களைப் பார்க்காமல் உங்கள் மூட்டைப் பற்றிச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் விவரிப்பது எதிர்பார்க்கக்கூடிய விளைவே. தகட்டைத் தடிமனாக்கினால் மடக்கிய இடைவெளி மட்டுமல்ல, நீட்டிய இடைவெளியும் இறுகும். நீட்டும்போது ஏற்கெனவே சரியாக இருந்த மூட்டு அதனால் முழுதாக நீளாமல் போகும். இரண்டு நிலைகளிலும் ஒரே அளவு தளர்ந்திருப்பவருக்கு அது பொருத்தமான சிகிச்சை. மடக்கிய நிலையில் மட்டும் தளர்ந்திருப்பவருக்குத் தொடைப் பகுதியையே மாற்றி, பின்புறத்தை நிரப்ப வேண்டியிருக்கும். சில வேளைகளில் கணைக்கால் பகுதியின் சரிவையும் திருத்த வேண்டும். வெறும் தகடு மாற்றம் இத்தகையோருக்கு நம்பகமான பலன் தருவதில்லை. எந்த நிலையில், எந்தப் பக்கம், எதனால் தளர்வு என்ற மூன்றுக்கும் விடை எழுதப்படாமல் மறு அறுவைக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

படியிறங்கும் மகள்

அம்மாவை வேறொரு மருத்துவரிடம் காட்டினோம். நீங்கள் சொன்னபடியே கட்டிலில் காலைத் தொங்கவிட்டுப் பார்த்தார். பக்கத்தில் நின்ற எனக்கே எலும்பு முன்னால் நகர்வது தெரிந்தது. அப்போது அம்மா, "இதுதான், இப்படித்தான் படியில் ஆகிறது" என்றார். பக்கவாட்டில் பெரிய தளர்வு இல்லையாம். இரத்தப் பரிசோதனையில், உடலில் அழற்சி இருந்தால் கூடும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் இயல்பான அளவில் உள்ளன. இருந்தும் மூட்டிலிருந்து ஊசியால் நீர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார். காரணம் கிடைத்துவிட்டது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கும்போது இது தேவைதானா? உறவினர் ஒருவர் உலோக ஒவ்வாமையாக இருக்கலாம் என்றும் கிளப்பிவிட்டிருக்கிறார்.

எலும்பியல் அறை

தேவைதான். அந்த மருத்துவர் முறையாகச் செயல்படுகிறார். மூட்டு தளர்ந்திருப்பவருக்குத் தொற்று இருக்காது என்று எந்த விதியும் இல்லை. இ.எஸ்.ஆர். மணிக்கு 30 மில்லிமீட்டர், சி.ஆர்.பி. லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்ற எல்லைகளுக்குள் இருந்தால் தொற்றின் வாய்ப்பு குறைகிறது. ஆனால் வீரியம் குறைந்த கிருமிகள் மெல்லப் புகைந்துகொண்டிருக்கும்போது இரத்தம் அதைக் காட்டிக்கொடுக்காமலும் போகலாம். எடுக்கும் நீரில் வெள்ளணு எண்ணிக்கை, அதில் நியூட்ரோபில் என்ற வகை வெள்ளணுவின் விழுக்காடு, கிருமி வளர்ப்பு ஆகிய மூன்றையும் பார்ப்பார்கள். ஒரு மைக்ரோ லிட்டருக்கு 3000-க்கு மேல் வெள்ளணுக்களும், அவற்றில் 80 விழுக்காட்டுக்கு மேல் நியூட்ரோபிலும் இருந்தால், நாள்பட்ட தொற்றை வலுவாகச் சந்தேகிக்க வேண்டும். அப்போது சிகிச்சையின் பாதையே மாறிவிடும். தளர்ந்த மூட்டில் உள்ளுறை உராய்வதால் நீர் இரத்தம் கலந்து வருவதும் உண்டு. பார்த்துப் பயப்பட வேண்டாம்.

ஒரு முக்கியமான செய்தி: நீர் எடுப்பதற்கு முன் அம்மா எந்தக் காரணத்துக்காகவும் ஆன்டிபயாடிக் எடுத்திருந்தால், அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். குறைந்தது இரண்டு வாரமாவது இடைவெளி விட்டுத்தான் பொதுவாக நீர் எடுப்பார்கள். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் வளர்ப்பில் முளைக்காமல் போகும்.

உலோக ஒவ்வாமையை, மற்ற எல்லாக் காரணங்களையும் நீக்கிய பிறகே எண்ணிப் பார்க்கலாம். தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனையில் ஒவ்வாமை தெரிந்தாலும், மூட்டுத் தொல்லைக்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. அதைவிட இடுப்பு மூட்டையும் கீழ் முதுகையும் பரிசோதித்தார்களா என்று கேளுங்கள். இடுப்பு மூட்டுத் தேய்மான வலி முழங்காலில் தெரிவதுண்டு. முதுகில் நரம்பு நசுங்கினாலும் கால் மடிந்து விழுவது போல இருக்கும்.

நடைப் பயிற்சியாளர்

முழங்கால் பட்டை அணிந்து பார்க்கலாமா என்று பலர் தனிச்செய்தியில் கேட்டிருக்கிறார்கள். இருபுறமும் கம்பி வைத்த பட்டை பக்கவாட்டுத் தளர்வு உள்ளவருக்கு ஓரளவு பிடிமானம் தரும். அணிந்ததும் நடை மேம்பட்டால் அதுவே நோயறிதலுக்கு ஒரு குறிப்பாகவும் அமையும். மடக்கிய நிலைத் தளர்வுக்குப் பட்டையால் பெரிய பயன் இராது. தொடையின் முன்தசை, பின்தசை இரண்டையும் வலுப்படுத்தும் பயிற்சியைச் சில மாதங்கள் ஒழுங்காகச் செய்து பார்ப்பது நல்லது. தளர்வு மிதமானதாக இருந்தால் அறுவை தேவைப்படாமலேயே சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள்.

படியிறங்கும் மகள்

புரிகிறது. நீர் எடுப்பதற்கு ஒப்புக்கொண்டோம். அம்மா அண்மையில் ஆன்டிபயாடிக் எதுவும் எடுக்கவில்லை. அதற்குப் போகும்போது என்னென்ன ஆவணங்களைக் கொண்டுபோக வேண்டும்?

எலும்பியல் அறை

முதல் அறுவையின் குறிப்பேட்டு நகலை மருத்துவமனையில் எழுதிக் கேட்டுப் பெறுங்கள். பொருத்திய மூட்டின் பெட்டியில் இருந்த ஒட்டுச்சீட்டுகளை அந்தக் குறிப்பேட்டிலேயே ஒட்டி வைத்திருப்பார்கள். தயாரிப்பு, வகை, தொடைப் பகுதியின் அளவு, தகட்டின் தடிமன் எல்லாம் அதில் இருக்கும். பின் சிலுவைத் தசைநார் விடப்பட்டதா, நீக்கப்பட்டதா என்பது குறிப்பில் எழுதப்பட்டிருக்கும். அறுவைக்கு முன் எடுத்த பக்கவாட்டு எக்ஸ்ரே கட்டாயம் வேண்டும்; அது இல்லாமல் பின்புற எலும்பின் அளவை ஒப்பிட முடியாது. அது தொலைந்திருந்தால், அறுவை செய்யாத இடது முழங்காலை அதே கோணத்தில் படமெடுத்து ஒப்பிடலாம்.